கழிவுநீரோடு போகும் பாஸ்பரஸை உயிர்க்கரியில் பிடித்து மண்ணுக்குத் திருப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உயிர்க்கரியை (தாவரப் பொருளைக் காற்றுப் படாமல் சுட்டால் கிடைக்கும் கரி) முதல்முறை கழிவுநீரில் போட்டுச் சோதித்தபோது நான் எடுத்தது இலைச் சருகைச் சுட்ட கரி. ஒரு நாள் முழுக்கக் குலுக்கி, வடிகட்டி, இரண்டு சோதனைக் குழாய்களில் மாலிப்டேட் கரைசலை விட்டு வைத்தேன். சற்று நேரத்தில் நிறம் ஏறியது. கரி போடாத நீர் வெளிர்நீலம். கரி போட்ட நீர் மை கலந்தது போல அடர்நீலம். இந்தச் சோதனையில் நீலம் எவ்வளவு ஆழமோ, பாஸ்பேட்டும் (நீரில் பாஸ்பரஸ் கரைந்திருக்கும் வடிவம்) அவ்வளவு. அதாவது கரி எதையும் பிடிக்கவில்லை. தன்னிடம் இருந்ததையும் நீரில் விட்டிருந்தது.

காரணம் எளிமையானது. இலையிலும் தண்டிலும் இருந்த பாஸ்பரஸ் சுடும்போது ஆவியாகாமல் கரியிலேயே தங்குகிறது; அதில் ஒரு பங்கு நீரில் கரையும். போதாததற்கு, சாதாரண உயிர்க்கரியின் மேற்பரப்பில் இருப்பது பெரும்பாலும் எதிர்மின் சுமை. பாஸ்பேட் அயனியும் எதிர்மின் சுமை கொண்டதுதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். "உயிர்க்கரி எல்லாவற்றையும் உறிஞ்சும்" என்ற பேச்சு பாஸ்பேட் விஷயத்தில் செல்லாது. கரிக்குள் ஒரு உலோகத்தை ஏற்ற வேண்டும். எந்த உலோகம், எவ்வளவு, எந்த நீருக்கு என்பதில்தான் வேலையே இருக்கிறது.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், பாஸ்பரஸுக்கு மாற்று கிடையாது. நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பாஸ்பரஸைப் பாறையிலிருந்துதான் தோண்ட வேண்டும். உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் பாஸ்பேட் பாறையைத் தட்டுப்பாட்டு அபாயமுள்ள முக்கிய மூலப்பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இன்னொரு பக்கம், ஒவ்வொரு மனிதரும் நாளுக்குச் சுமார் ஒன்றரை கிராம் பாஸ்பரஸை வெளியேற்றுகிறோம், அதில் பாதிக்கும் மேல் சிறுநீரில். 1669இல் ஜெர்மானிய ரசவாதி ஹென்னிக் பிராண்ட் பாஸ்பரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே சிறுநீரிலிருந்துதான். நாம் வெளியேற்றும் பாஸ்பரஸைக் குளத்துக்கும் ஏரிக்கும் போக விட்டால், ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமின் சிறு பகுதி சேர்ந்தாலே பாசி மண்டிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் கரி தயாரிப்பில் தொடங்கும். நான் அப்படிச் செய்வதை விட்டுவிட்டேன். பாஸ்பரஸ் ஏறிய கரி எந்த மண்ணுக்குப் போகப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடிக்கும் உலோகம் நல்லது என்று தோன்றும். ஆனால் கெட்டியாகப் பிடித்தால் செடிக்கும் விடாது. லாந்தனம் என்ற அருமண் உலோகம் ஏற்றிய கரி பாஸ்பேட்டை மிக நன்றாகப் பிடிக்கும். அங்கே உருவாகும் லாந்தனம் பாஸ்பேட் கரையவே கரையாது. ஏரியைச் சுத்தம் செய்வதற்கு அது பொருந்தும், வயலுக்குப் பொருந்தாது. அலுமினியம் ஏற்றியதும் ஏறக்குறைய அப்படித்தான். அமில மண்ணில் அலுமினியமே வேருக்குப் பகை. இரும்பு நடுத்தரம், விலை குறைவு, காந்தத்தால் கரியைப் பிரிக்கவும் வழி உண்டு. ஆனாலும் பிடித்ததை மெல்லத்தான் விடும்.

உரமாக்குவதுதான் நோக்கம் என்றால் மெக்னீசியமும் கால்சியமும்தான் என் தேர்வு. மெக்னீசியம் பாஸ்பேட்டும், அதோடு அம்மோனியமும் சேர்ந்த ஸ்ட்ரூவைட் என்ற படிகமும் நீரில் அதிகம் கரையாது. ஆனால் வேர் விடும் அமிலத்தில் மெல்ல மெல்லக் கரையும். அமில மண்ணிலும் நடுநிலை மண்ணிலும் இவை நன்றாக வேலை செய்கின்றன. கார மண்ணில், முக்கியமாகச் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், கால்சியம் பாஸ்பேட் கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். உங்கள் மண் அப்படிப்பட்டது என்றால் கால்சியத்தைத் தவிர்த்து மெக்னீசியத்துக்குப் போங்கள். அப்போதும் பலன் மெதுவாகத்தான் தெரியும்.

கரியைக் காரக் கரைசலில் கழுவி பாஸ்பேட்டை உருவியெடுத்து, அதே கரியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது இன்னொரு வழி. சோடியம் ஹைட்ராக்சைடு செலவாகும், கரி ஒவ்வொரு சுற்றிலும் உதிரும், கடைசியில் கையில் மிஞ்சுவது மீண்டும் ஒரு பாஸ்பேட் கரைசல். கரியையே உரமாக மண்ணில் போட முடியும்போது இது வீண் சுற்று என்பது என் கருத்து.

இரண்டாம் படி: நீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாக் கழிவுநீரும் இதற்கு ஏற்றதில்லை. வீட்டுக் கழிவுநீரில் ஒரு லிட்டருக்குப் பொதுவாக 5 முதல் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். பயோகேஸ் கலனில் செரித்த கசடைப் பிழிந்தால் வரும் நீரில் 50 மில்லிகிராமிலிருந்து சில நூறு வரை இருக்கும். நீர் கலக்காத சிறுநீரிலும் சில நூறு மில்லிகிராம். செறிவு கூடக் கூட ஒவ்வொரு கிராம் கரியும் அதிகம் பிடிக்கும். ஆகவே எங்கே செறிவு அதிகமோ அங்கே பிடியுங்கள். எல்லா நீரும் கலந்து நீர்த்துப்போன பிறகு பிடிக்கப் போராடாதீர்கள்.

அளக்கும்போது இரண்டு இடங்களில் பலர் தவறுகிறார்கள். முதலாவது, மொத்த பாஸ்பரஸும் கரைந்த ஆர்த்தோபாஸ்பேட்டும் (தனித்து நிற்கும் எளிய பாஸ்பேட் அயனி) ஒன்றல்ல. கரி பிடிப்பது கரைந்த ஆர்த்தோபாஸ்பேட்டைத்தான். நீரை 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்து ஒருமுறை அளங்கள். வடிக்காத நீரை அமிலத்தில் செரிக்க வைத்து இன்னொருமுறை அளங்கள். பாஸ்பரஸில் பெரும்பங்கு திடப்பொருளில் இருந்தால் கரி வடிப்பான் உதவாது. கசடையே கரியாக்கும் வழி உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது, அளவுக் கருவி காட்டும் எண் பாஸ்பேட்டா, பாஸ்பரஸா என்பது. பாஸ்பேட் எடையை 3.07ஆல் வகுத்தால்தான் பாஸ்பரஸ் எடை வரும். இதைக் கவனிக்காவிட்டால் உங்கள் கரி மூன்று மடங்கு திறமைசாலியாகத் தெரியும். உரக் கணக்கில் இன்னொரு அலகு வேறு இருக்கிறது: 1 கிலோ பாஸ்பரஸ் என்பது 2.29 கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்குச் சமம்.

பாஸ்பேட்டோடு பி.எச். (அமில, கார நிலையைக் காட்டும் எண்), அம்மோனியம், காரத்தன்மை, மிதக்கும் திடப்பொருள் ஆகியவற்றையும் குறித்துவையுங்கள். கரியில் பாஸ்பேட் ஒட்டும் அதே இடத்துக்குக் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் போட்டி போடும். கரைந்த கரிமப் பொருள் கரியின் துளைகளை அடைக்கும்.

மூன்றாம் படி: கரியைத் தயாரித்தல்

மரத்துண்டு, வைக்கோல், உமி, சக்கை எதுவானாலும் சரி. பாஸ்பரஸைப் பிடிப்பது பெரும்பாலும் உலோகம்தான். கரி அதைத் தாங்கிப் பரப்பி வைக்கும் சட்டம். மூலப்பொருளைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே நிபந்தனை, அது சுத்தமாக இருக்க வேண்டும். பெயின்ட் பூசிய மரமும் மருந்து ஏற்றிய பலகையும் வேண்டவே வேண்டாம்.

மெக்னீசியத்தை ஏற்றுவதற்கான கணக்கு இப்படிப் போகும். மெக்னீசியம் குளோரைடு உப்பில், அதாவது ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகத்தில், எடையில் 12 சதவீதம்தான் மெக்னீசியம். 100 கிராம் உலர்ந்த மூலப்பொருளுக்கு 40 கிராம் உப்பு எடுத்தால் உள்ளே போவது 4.8 கிராம் மெக்னீசியம். சுட்ட பிறகு சுமார் 40 கிராம் கரி கிடைத்தால் அதில் மெக்னீசியம் 12 சதவீதம். ஒரு மெக்னீசியம் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு என்று கணக்கிட்டால், ஒரு கிராம் கரி பிடிக்கக்கூடிய உச்சவரம்பு சுமார் 150 மில்லிகிராம் பாஸ்பரஸ். நடைமுறையில் இதை எட்ட முடியாது. ஆனாலும் இந்த எண் கையில் இருக்கட்டும். இதைவிடக் கூடுதலாகப் பிடித்ததாக உங்கள் சோதனை காட்டினால் எங்கோ பிழை நடந்திருக்கிறது, அல்லது நீரிலேயே இருந்த கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து படிந்திருக்கின்றன.

மூலப்பொருளை 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, உப்பு முழுவதையும் கரைத்த நீரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். வடிக்காமல் அப்படியே 105 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள். வடித்தால் நீங்கள் போட்ட மெக்னீசியத்தில் ஒரு பங்கு நீரோடு போய்விடும். பிறகு காற்றுப் புகாத மூடிய பாத்திரத்தில், நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூட்டை ஏற்றி, 500 முதல் 600 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருங்கள்.

இங்கே ஒரு அபாயம் இருக்கிறது. மெக்னீசியம் குளோரைடு சூட்டில் மெக்னீசியம் ஆக்சைடாக மாறும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். மேலே சொன்ன 40 கிராம் உப்பிலிருந்து மட்டும் 14 கிராம் வரை வரலாம். மூச்சுக்குழாயை எரிக்கும் வாயு அது, உலையின் இரும்பையும் தின்றுவிடும். வாயுவை உறிஞ்சும் புகைக்கூண்டும், அதைச் சுண்ணாம்பு நீரிலோ காரக் கரைசலிலோ செலுத்திப் பிடிக்கும் ஏற்பாடும் இல்லாமல் இந்த உப்பைச் சுடாதீர்கள். திறந்தவெளிக் கரி அடுப்பில் செய்பவர்கள் இதற்குப் பதிலாக மெக்னீசியம் ஹைட்ராக்சைடைக் கூழாகக் கரைத்து மூலப்பொருளில் பூசுங்கள். அது சூட்டில் வெறும் நீராவியைத்தான் விடும். பிடிப்புத் திறன் சற்றுக் குறையலாம், பரவாயில்லை. நுரையீரலைவிடப் பெரிதல்ல அது.

கரியை முழுவதும் ஆறவிட்டே திறக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது காற்றுப் பட்டால் தானே கனன்று பற்றிக்கொள்ளும். ஆறியதும் நீரில் அலசுங்கள். அலசிய நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது, மறுபடி அலச வேண்டும். கலங்கல் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைந்தால் போதும். உலர்த்தி, சலித்து, மூடிவையுங்கள். திறந்து கிடந்தால் மெக்னீசியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் பிடித்து மந்தமாகிவிடும்.

நான்காம் படி: குடுவைச் சோதனை

இதைத் தாண்டிக் குதித்துப் பெரிய தொட்டிக்குப் போக நினைக்காதீர்கள். எட்டுக் குடுவைகள்: ஏழில் 100 மில்லி உண்மையான கழிவுநீர், ஒன்றில் அதே அளவு காய்ச்சி வடித்த நீர். பாஸ்பேட் உப்பைச் சுத்தமான நீரில் கரைத்துச் சோதித்தால் அழகான எண்கள் வரும், ஆனால் அவை உங்கள் நீருக்குப் பொருந்தாது. ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு கிராம் கரி நூற்றுக்கணக்கான மில்லிகிராம் பிடித்ததாகப் படித்திருப்பீர்கள். அவற்றில் பல, போட்டி அயனி எதுவும் இல்லாத, மிக அதிகச் செறிவுள்ள கரைசலில் எடுத்தவை.

லிட்டருக்கு 0.5, 1, 2, 4, 8 கிராம் என்ற அளவுகளில் கரியைப் போடுங்கள். அதோடு மூன்று ஒப்பீட்டுக் குடுவைகள் கட்டாயம் வேண்டும்: கரி போடாத கழிவுநீர், கழிவுநீரில் உலோகம் ஏற்றாத கரி, காய்ச்சி வடித்த நீரில் உலோகம் ஏற்றிய கரி. முதலாவது தானாகப் படிவதைக் காட்டும். இரண்டாவது, உலோகத்தால்தான் பலனா என்று சொல்லும். மூன்றாவது, கரியிலிருந்து என்ன கசிகிறது என்று சொல்லும். அந்த அடர்நீலக் குழாய்க்குப் பிறகு மூன்றாவது குடுவை இல்லாமல் நான் எந்தச் சோதனையும் செய்வதில்லை.

15 நிமிடம், 1 மணி, 4 மணி, 24 மணி நேரத்தில் மாதிரி எடுத்து, வடித்து, அஸ்கார்பிக் அமிலம் சேர்த்த மாலிப்டேட் முறையில் 880 நானோமீட்டர் அலைநீளத்தில் அளங்கள். கணக்கு இதுதான்: தொடக்கச் செறிவிலிருந்து இறுதிச் செறிவைக் கழித்து, லிட்டருக்குப் போட்ட கரியின் எடையால் வகுக்க வேண்டும். 150 மில்லிகிராமாக இருந்தது 30 ஆகக் குறைந்து, கரி லிட்டருக்கு 4 கிராம் என்றால், ஒரு கிராம் கரி 30 மில்லிகிராம் பிடித்திருக்கிறது. உங்கள் திட்டமெல்லாம் இந்த எண்ணில்தான் நிற்கும்.

பி.எச்.ஐத் தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். மெக்னீசியம் ஆக்சைடு நீரை 9, 10 வரைகூட ஏற்றும். ஸ்ட்ரூவைட் படிவதற்கு 8 முதல் 9.5 வரை நல்லது. அதற்கும் மேலே போனால் அம்மோனியா வாயுவாகப் பறக்கும். குடுவையைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும். அப்படியானால் கரியைக் குறைத்துப் போடுங்கள். வெளியேற்றும் நீரின் பி.எச்.ஐ இறக்கவும் ஏற்பாடு தேவைப்படும்.

கடைசியாக, வரவு செலவு சரிபாருங்கள். நீரிலிருந்து குறைந்த பாஸ்பரஸ் கரியில் இருக்க வேண்டும். பயன்படுத்திய கரியை உலர்த்தி, சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து அளந்து பாருங்கள். கணக்கு கணிசமாக இடித்தால் நுண்படிகங்கள் நீரோடு போயிருக்கலாம். பிடிப்பின் வேகத்தை விவரிக்கும் சமன்பாடுகளில் வளைவைப் பொருத்துவதற்குச் செலவிடும் நேரத்தை இதற்குக் கொடுங்கள். ஒரு வளைவு அழகாகப் பொருந்துவதால் மட்டும் உள்ளே நடக்கும் வேதியியல் நிரூபணமாகிவிடாது.

ஐந்தாம் படி: தொட்டியா, குழாயா?

சிறிய அளவுக்குக் கலக்கும் தொட்டியே போதும். 100 லிட்டர் நீர், 400 கிராம் கரி, சில மணி நேரம் மெல்லக் கலக்கல், பிறகு படியவிட்டுத் துணியில் வடித்தல். மேலே சொன்ன எண்களின்படி 12 கிராம் பாஸ்பரஸ் கரிக்கு வந்துவிடும். கரியில் அது சுமார் 3 சதவீதம்.

தொடர்ந்து ஓடும் நீர் என்றால் கரி நிரப்பிய குழாய் வேண்டும். பொடிக் கரியைக் குழாயில் போடக் கூடாது; அரை நாளில் அடைத்துக்கொள்ளும். 0.5 முதல் 2 மில்லிமீட்டர் வரையிலான குருணையாகச் சலித்து எடுங்கள். நிரப்பும் முன் நீரில் ஊறவைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். நீரைக் கீழிருந்து மேலாக ஏற்றினால் ஒரே தடத்தில் ஓடாமல் சீராகப் பரவும். கரிக்குப் போகும் முன் மணல் வடிப்பான் ஒன்று இருக்கட்டும். இரண்டு குழாய்களை வரிசையாக வைப்பது நல்லது. முதல் குழாய் நிறைந்து பாஸ்பேட் கசியத் தொடங்கினால் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். முதலாவதை எடுத்துப் புதிதாக நிரப்பி, வரிசையின் கடைசியில் வையுங்கள். இப்படிச் சுற்றினால் வெளியே எடுக்கும் கரி முழுதும் நிரம்பியதாக இருக்கும். உர மதிப்பு அதில்தான் இருக்கிறது.

கசடு மட்டும்தான் இருக்கிறது என்றால்

சுத்திகரிப்பு நிலையக் கசடின் உலர் எடையில் பொதுவாக 2, 3 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கும். அதையே சுட்டுக் கரியாக்கினால் நைட்ரஜனில் பெரும்பங்கு போய்விடும், பாஸ்பரஸ் கிட்டத்தட்ட முழுவதும் தங்கிச் செறிவடையும். கிருமிகள் அழியும். ஆனால் செம்பு, துத்தநாகம், நிக்கல் போன்ற உலோகங்களும் கூடவே செறிவடையும். ஆலைக் கழிவு கலக்கும் ஊர்க் கசடை முழு உலோகப் பரிசோதனை செய்யாமல் மண்ணில் போடவே கூடாது. சுத்திகரிப்பில் இரும்பு, அலுமினிய உப்புகள் போட்டிருந்தால் செடிக்குக் கிடைக்கும் பங்கும் குறையும். ஜெர்மனி 2017இல் கொண்டுவந்த விதிகளின்படி, அங்குள்ள பெரிய நிலையங்கள் 2029 முதல் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்டாக வேண்டும். அந்தப் பணிக்கான பல வழிகளில் கசடைச் சுடுவதும் ஒன்று.

ஆறாம் படி: மண்ணுக்குப் போகும் முன்

கழிவுநீரைத் தொட்ட கரியில் கிருமி இருக்கும். உலர்த்துவது மட்டும் போதாது. சூடேறும் எருக்குவியலில் சேர்த்து மக்கவைப்பது நல்ல வழி. சிறுநீரைப் பயன்படுத்துபவர்கள் அதை முன்கூட்டியே சேமித்து வைக்கலாம். 20 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் ஆறு மாதம் வைத்தால் எல்லாப் பயிர்களுக்கும் ஏற்றது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல். சேமிக்கும்போது பி.எச். 9ஐ ஒட்டி ஏறும், அம்மோனியமும் பெருகும். மெக்னீசியக் கரியைப் போட்டவுடன் ஸ்ட்ரூவைட் படிவதற்கு அது வாகான நிலை.

செடிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஒரு எளிய சோதனை: 1 கிராம் கரி, 100 மில்லி 2 சதவீத சிட்ரிக் அமிலம், அரை மணி நேரக் குலுக்கல். கரைந்து வரும் பாஸ்பரஸ் மொத்தத்தில் பெரும்பங்காக இருந்து, வெறும் நீரில் கரைவது சிறுபங்காக இருந்தால் அது நல்ல மெதுவிடு உரம். சிட்ரிக் அமிலத்திலும் கரையவில்லை என்றால் முதல் படிக்குத் திரும்பி உலோகத்தை மாற்றுங்கள்.

அளவு: 3 சதவீதக் கரியை வைத்து ஒரு ஹெக்டேருக்கு 20 கிலோ பாஸ்பரஸ் கொடுக்க ஏறக்குறைய 670 கிலோ கரி வேண்டும். லிட்டருக்கு 120 மில்லிகிராம் பிடித்தால், அதற்கு 1,67,000 லிட்டர் நீர் கரியைக் கடந்திருக்க வேண்டும். இந்த எண் மலைப்பைத் தரலாம். 10 சதுர மீட்டர் தோட்டப் பாத்திக்கு வேண்டியதோ வெறும் 670 கிராம்தான். அங்கிருந்து தொடங்குங்கள்.

வயலுக்கு முன் நான்கு தொட்டிச் செடிகளில் பாருங்கள். ஒன்றில் பாஸ்பரஸே இல்லை. ஒன்றில் வழக்கமான பாஸ்பேட் உரம். ஒன்றில் பாஸ்பரஸ் ஏறிய கரி, உரத்தில் இருக்கும் அதே பாஸ்பரஸ் அளவுக்கு. ஒன்றில் அதே எடையில் பாஸ்பரஸ் ஏறாத மெக்னீசியக் கரி. நான்காவது இல்லாவிட்டால், செடி செழித்தது பாஸ்பரஸாலா, மெக்னீசியம் மண்ணின் அமிலத்தைத் தணித்ததாலா என்று தெரியாது. நைட்ரஜனும் பொட்டாசியமும் நான்கிலும் ஒரே அளவாக இருக்கட்டும். முதல் மூன்று வாரம் கரித் தொட்டி உரத் தொட்டியைவிடப் பின்தங்கலாம், அதைப் பார்த்துக் கூடுதல் கரி போட வேண்டாம். ஆறேழு வாரம் கழித்து செடியை மண்ணோடு கவிழ்த்து, ஒரு கரிக் குருணையை விரலால் எடுத்துப் பாருங்கள். பிடித்ததை அது செடிக்கு விடுகிறது என்றால், மண்ணை உதறினாலும் விழாதபடி மயிரிழை வேர்கள் அதைச் சுற்றிப் பின்னியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம்.